மனுவுக்கு ஒரு டம்ளர்

மகளின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னதும் ரிக்காரருக்கு முதலில் கோபம்தான் வந்தது. பெற்றது ஒரே பெண். ஏழு வயது. மண்ணைத் தின்றாள் என்றால்கூட நம்பலாம். ஈயத்தை எங்கே போய்த் தின்பாள்?

"திங்கல, குடிச்சிருக்கா," என்றார் டாக்டரம்மா. "உங்க தெருவுக்குப் பின்னாடி பழைய பேட்டரி உடைக்கிற கொட்டகை இருந்துச்சே. அந்தக் கழிவு நிலத்துல இறங்கிக் குழாய்த் தண்ணியில கலந்திருக்கணும். மருந்தை அப்புறம் பார்ப்போம். முதல்ல தண்ணிய மாத்துங்க. சுத்தமான தண்ணி குடிச்சா ரத்தத்துல தானா குறையும். இல்லைன்னா..." பேனாவை மூடினார். "படிச்சது மறக்குதுன்னு சொன்னீங்கல்ல, அது இன்னும் அதிகமாகும்."

மறக்கத்தான் செய்தது. போன வருடம் தன் பெயரை முழுதாக எழுதிக் காட்டியவள், இப்போது பாதியில் நிறுத்திவிட்டு, மீதியை நீதான் எங்கேயோ எடுத்து வைத்துவிட்டாய் என்பது போல அப்பாவைப் பார்க்கிறாள். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை.

ரிக்காரர் என்பது தெரு வைத்த பெயர். லாரியில் ஏற்றிய ரிக் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு போய் ஆழ்துளைக் கிணறு போடுவது அவர் தொழில். இயந்திரம் முதலாளியுடையது, உரிமம் இவர் பெயரில். ஊருக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர் தன் தெருவில் ஒரு துளை போட்டுக்கொள்ளக் கூடாதா என்றால், கூடாது. அந்தத் தெருவில் குழாய்த் தண்ணீர் மிக நன்றாக இருப்பதால் துளை தேவையில்லை என்று தூய்மை வாரியம் எட்டு வருடம் முன்பே தடை போட்டுவிட்டது. கேன் தண்ணீர் வாங்கலாம் என்றால், கேன்காரரும் அதே குழாயில்தான் பிடித்து மூடி போட்டுக்கொண்டிருந்தார்.

ஆகவே வாரியத்துக்குப் போனார்.

வாரியம் மூன்று மாடிக் கட்டடம். கீழே மனு வாங்கும் இடம். முதல் மாடியில் தண்ணீர்ப் பிரிவு. இரண்டாவதில் மண் பிரிவு. இந்த இரண்டு பிரிவும் ஒன்றோடொன்று பேசுவதென்றால் கடிதம் எழுதித்தான் பேசும். மூன்றாவதில் தலைவர். கீழே சுவரில் பெரிய எழுத்தில் மக்கள் சாசனம் தொங்கியது: 'மனுதாரர் ஒவ்வொருவருக்கும் அமர ஒரு நாற்காலி, அருந்த ஒரு டம்ளர் குடிநீர், மனுவுக்கு ஓர் ஒப்புகைச் சீட்டு வழங்கப்படும்.' நாற்காலிக்கு மூன்று கால்தான் இருந்தது என்பதைத் தவிர, சாசனத்தில் எழுதியபடிதான் எல்லாம் நடந்தது. தண்ணீர் கொண்டுவரும் அம்மாள் டம்ளரை நீட்டினார்.

"இது எந்தத் தண்ணிம்மா?"

"எல்லாருக்கும் ஒரே லைன்தான். உங்க தெருவுக்கு வர்ற அதேதான்."

ரிக்காரர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டார். மனு வாங்கும் எழுத்தர் மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஈயம் இருக்குன்னு யார் சொன்னது?"

"டாக்டர்."

"டாக்டர் ரத்தத்தைப் பத்திச் சொல்லலாம். தண்ணியைப் பத்தி நாங்கதான் சொல்லணும்."

"சரிங்க. நீங்க சொல்லுங்க."

"எப்படிச் சொல்றது? ஈயம் பாக்குற மெஷின் பெட்டிக்குள்ள இருக்கு. திறப்பு விழாவுக்கு மேலேயிருந்து தேதி கிடைக்கல. மூணு வருஷமாச்சு." எழுத்தர் குரலில் வருத்தம் இல்லை, பெருமை இருந்தது. "இந்த மூணு வருஷத்துல எங்க எல்லைக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணியிலகூட ஈயம் கண்டுபிடிக்கப்படல. பேப்பர்ல வந்துச்சே, பாக்கலையா?"

நடையாய் நடந்து செருப்புத் தேய்ந்ததில் ஒரு பலன் கிடைத்தது. தண்ணீரைப் பற்றி வாரியத்தின் இறுதிக் கருத்து வரும்வரை தெருவுக்கு வாரத்துக்கு ஒரு லாரி வெளித் தண்ணீர், வீட்டுக்கு இரண்டு குடம். யானைப் பசிக்குச் சோளப்பொரி என்றாலும், தெரு அந்த இரண்டு குடத்தை நெய் மாதிரி பொத்திப் பொத்திச் செலவழித்தது.

மீதி நாளுக்கு வழி சொன்னது மனைவியின் தம்பி. கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர். ரிக்காரர் போட்ட கிணறுகளின் தண்ணீரை ஆர்வத்துக்காகச் சோதித்துப் பார்த்தவன் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தான். அறுபதடியில் ஒரு சாம்பல் நிறக் களிமண் அடுக்கு வரும். துளை போடுகிறவர்களுக்கு அது சனியன், கம்பியில் அப்பிக்கொண்டு விடாது. அந்த அடுக்குக்கு மேலே இருக்கும் தண்ணீரில் ஈயம் இருந்தது. கீழே இருக்கும் தண்ணீரில் இல்லை.

"அந்தக் களிமண்ணுக்கு ஈயத்தைக் கண்டா விட மனசு வராது மச்சான். தண்ணி அதுக்குள்ள இறங்குறப்ப ஈயத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு வெறும் தண்ணிய அனுப்பிடுது."

"எத்தனை நாளைக்குப் பிடிக்கும்?"

"வயிறு நிறையற வரைக்கும். அப்புறம் அதால முடியாது, மண்ணை மாத்திடணும்."

இருபது வருடமாகத் திட்டித் திட்டி ஓரமாக வழித்துப் போட்ட சேற்றை ரிக்காரர் கூடையில் அள்ளிக்கொண்டு வந்தார். காயவைத்து, உடைத்து, சலித்து, ஆற்று மணலோடு கலந்து, கூழாங்கல் பரப்பிய டிரம்மில் நிரப்பினார். மேலே குழாய்த் தண்ணீரை ஊற்றியதும் முதலில் கலங்கலாக வந்தது. அப்புறம் வரவே இல்லை. மணலைக் கூட்டி, மண்ணைக் குறைத்து, ஒன்பதாவது தடவை கண்ணாடி மாதிரி சொட்டியது. மச்சினன் இரண்டு பாட்டிலில் எடுத்துக்கொண்டு போய்க் கல்லூரி இயந்திரத்தில் பார்த்தான். குழாய்த் தண்ணீரில், இருக்கலாம் என்று அனுமதித்த அளவைப்போல் எட்டு மடங்கு ஈயம். டிரம் தண்ணீரில் ஒன்றுமே இல்லை.

மகள் அதைக் குடித்தாள். ஆறு வாரம் கழித்து ரத்தத்தில் ஈயம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக எழுதினாள். அந்தத் தாளை ரிக்காரர் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். தெருவில் இன்னும் பத்து வீட்டுக்கு அவரே டிரம் கட்டிக் கொடுத்தார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "குடிச்சோமா, பிள்ளை தேறுச்சான்னு இருங்க. அவங்ககிட்ட எதுக்குப் போய்ச் சொல்லணும்?" என்று மனைவி தலைபாடாக அடித்துக்கொண்டாள். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். நம் ஆள் சங்கோடு போகாமல் ஒரு பொட்டலம் மண்ணையும் கட்டிக்கொண்டு போனார். தெருவில் எழுபது வீடு, அவரிடம் இருந்த மண்ணோ பதினோரு டிரம்முக்கு. வாரியம் மனது வைத்தால் எல்லா வீட்டுக்கும் கிடைக்குமே என்ற ஆசை. ஆசை வெட்கம் அறியாது, வாரியத்தையும் அறியாது.

இரண்டு பாட்டில் கொண்டுபோயிருந்தார்: குழாய்த் தண்ணீர் ஒன்று, டிரம் தண்ணீர் ஒன்று.

"ஒரு மனுவுக்கு ஒரு பாட்டில்தான்," என்றார் எழுத்தர். "எதை வைக்கிறீங்க?"

ரிக்காரர் யோசித்தார். கெட்ட தண்ணீரைக் காட்டுவதா, நல்ல தண்ணீரைக் காட்டுவதா? சாதித்ததைக் காட்டத்தானே வந்தோம் என்று டிரம் பாட்டிலை வைத்தார். மேலே 'பேட்டரி கொட்டகைத் தெரு' என்று எழுத்தர் சீட்டு ஒட்டினார். ஆறு வாரம் டிரம்மில் கிடந்த மண்ணை ஒரு பொட்டலமாகத் தனி மனு போட்டு இரண்டாவது மாடிக்கு அனுப்பினார்கள்.

அவருடைய போதாத காலம், அந்த மாதம் பார்த்துத்தான் விழாவுக்குத் தேதி கிடைத்தது. இயந்திரத்தை மாலை போட்டுத் திறந்தார்கள். திறந்ததும் உள்ளே போட ஒரு பாட்டில் வேண்டுமே என்று தேடினார்கள். இவருடையதுதான் கையில் அகப்பட்டது.

பத்து நாளில் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் இரண்டு தாள் இருந்தன.

"வாங்க, வாங்க. நல்ல சேதி," என்றார் தலைவர். "உங்க தெருத் தண்ணியில ஈயம் துளிகூட இல்ல."

"ஐயா, அது மண்ணுல வடிகட்டின தண்ணிங்க."

"பாட்டில்ல உங்க தெருப் பேர் இருக்கா, இல்லையா?"

"இருக்குங்க."

"அப்ப அது உங்க தெருத் தண்ணி. இப்ப கெட்ட சேதி. உங்க மண்ணுல ஈயம் ஏகத்துக்கு இருக்கு."

"அதுதாங்க நான் சொல்ல வந்ததே. தண்ணியில இருந்த ஈயம்தான் மண்ணுக்குப் போயிருக்கு."

"போயிடுச்சுன்னா இப்ப தண்ணியில இல்லைன்னு நீங்களே ஒத்துக்கறீங்க." தலைவர் பக்கத்தில் நின்ற உதவியாளரைப் பார்த்தார். "எழுதிக்குங்க. மனுதாரர் ஒத்துக்கொண்டார்."

தலைவர் கெட்டவர் இல்லை. கைக்குட்டையால் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

"உங்க பொண்ணு விஷயம் கேள்விப்பட்டேன். எனக்கும் பேத்தி இருக்கா. ஒரு தகப்பனே வீட்டுக்குள்ள ஈயத்தை மூட்டை மூட்டையா வச்சிருந்தா பிள்ளை உடம்பு என்னத்துக்கு ஆகும்? யோசிக்க வேணாமா? வாரியம் இத்தனை வருஷமா ஈயமே இல்லாம வச்சிருக்கிற தெருவுக்குள்ள ஈயத்தைக் கொண்டுவந்த முதல் ஆள் நீங்கதான். நான் உங்க மேல வழக்குப் போடல. தண்டிக்கிறது எங்க நோக்கம் இல்ல. இருக்கிறதை இல்லாம ஆக்குறதுதான் எங்க நோக்கம்."

இல்லாமல் ஆக்கினார்கள். பதினோரு டிரம்மும் வாரிய வண்டியில் ஏறின. பிறகு மாற்றுவதற்கென்று முற்றத்தில் காயப்போட்டிருந்த புது மண் அபாயகரமான கழிவு என்று கிடங்கில் பூட்டப்பட்டது. அந்தச் சாம்பல் மண்ணை யாரும் தோண்டக் கூடாது என்று ஆணை வந்தது. ரிக்காரரின் உரிமம் நிறுத்தி வைக்கப்பட, முதலாளி ரிக்கை வேறு ஆளிடம் வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார். இறுதிக் கருத்து வந்துவிட்டதால் லாரியும் நின்றது.

அந்த இரண்டு குடமும் போனது. தெரு அவரை ஏசவில்லை, ஏசியிருந்தால் தேவலை. பக்கத்து வீட்டுத் தையல்காரி மட்டும் வாசலில் நின்று, "நல்லா இருங்கண்ணே," என்றாள். அவளுக்கு நாலு வயதில் பையன். அன்றைக்கு ரிக்காரர் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மகள் மட்டும் தாகம் என்றாள். மனைவி குழாயைத் திறந்து, மூடி, திரும்பவும் திறந்து, ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றாள்.

அடுத்த வாரம் தலைவரின் உதவியாளர் வீடு தேடி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த முதல் அரசாங்க ஆள்.

"நாளை மறுநாள் உங்க தெருவுல விழா. 'ஈயமற்ற தெரு'ன்னு பலகை வைக்கிறோம். ஐயா எல்லார் முன்னாடியும் குழாய்த் தண்ணி குடிச்சுக் காட்டுறாங்க."

"குடிக்கட்டுமே."

"அதுக்கு அந்த டிரம் தண்ணி கொஞ்சம் வேணும்."

ரிக்காரர் சிரிக்கவில்லை. சிரிக்கும் இடம்தான், ஆனால் வரவில்லை. "குழாய்த் தண்ணியில ஈயம் இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இல்லைதான்." உதவியாளர் குரலைத் தாழ்த்தினார். "ஐயாவுக்கு வயசாச்சு பாருங்க. இல்லாத ஈயமா இருந்தாலும் எதுக்கு ரிஸ்க்? டிரம் எல்லாம் எங்க சமையலறையிலதான் இருக்கு. எப்படி ஊத்தணும்னு தெரியாம எவனோ வாளியோட கவுத்துட்டான், கலங்கலா வருது. நீங்க வந்து சரிபண்ணிக் குடுத்தீங்கன்னா உங்க உரிமத்தைப் பத்தி ஐயாகிட்ட எடுத்துச் சொல்றேன்."

ரிக்காரர் போனார். மகளையும் அழைத்துக்கொண்டு போனார். பதினோரு டிரம்மும் வாரியச் சமையலறையில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் 'சான்றுப் பொருள், தொடாதே' என்று சீட்டு ஒட்டியிருந்தது. சரிசெய்து, மெல்ல ஊற்றி, சொட்டியதில் முதல் டம்ளரை மகளிடம் கொடுத்தார். அவள் மூச்சு விடாமல் குடித்தாள்.

விழாவில் தலைவர் குழாயடியில் நின்று, உதவியாளர் பின்னாலிருந்து நீட்டிய டம்ளரைக் குடித்துவிட்டு, "அமிர்தம்," என்றார். கைதட்டினார்கள். உரிமம் திரும்பி வரவில்லை. ஆனால் தலைவருக்கு அந்தத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய்விட்டது. இனி வாரியத்தின் எல்லா மாடிக்கும் சான்றுப் பொருளிலிருந்தே தண்ணீர் கொடுக்கவேண்டும் என்று வாய்மொழியாக உத்தரவிட்டார். எழுத்தில் கொடுக்க முடியாத காரணம் எல்லோருக்கும் தெரியும்.

உரிமம் என்ன ஆயிற்று என்று கேட்க மகளோடு வாரியத்துக்குப் போன ரிக்காரருக்கு இதைச் சொன்னது தண்ணீர் கொண்டுவரும் அம்மாள்தான். "கீழே மனு கொடுக்க வர்றவங்களுக்கும் இப்ப அதே தண்ணிதான் தர்றேன்," என்று சொல்லிவிட்டு, சிறுமியின் தலையைத் தடவிக்கொண்டே சுவரில் இருந்த சாசனத்தைப் பார்த்தார். ரிக்காரரும் பார்த்தார்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு ரிக்காரரின் மகள் மனு கொடுத்தாள்.

"சின்னப் பிள்ளை மனு கொடுக்கலாமா?" என்று எழுத்தர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வயது வரம்பு எதுவும் போட்டிருக்கவில்லை. நாற்காலி கொடுத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், சீட்டு கொடுத்தார்கள். பாட்டிலில் பிடித்துக்கொள்ள அனுமதி இல்லை. மனுவுக்கு ஒரு டம்ளர், ஒரு நாளைக்கு ஒரு மனு. வீட்டில் மிச்ச தாகத்துக்குக் குழாய்தான். பாதியாவது குறையட்டும் என்று தகப்பன் மனதைத் தேற்றிக்கொண்டார்.

முதல் நாள் தெருவிளக்கு எரியவில்லை என்று மனு. அது வேறு துறை என்று இரண்டு நாளில் பதில் வந்தது. அப்புறம் நாற்காலியின் நாலாவது காலைப் பற்றி. அப்புறம் 'ஈயமற்ற தெரு' பலகையின் பச்சை நிறம் அழகாக இருக்கிறது என்று நன்றி தெரிவித்து. மூன்றாம் வாரம் தையல்காரி பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ரிக்காரரோடு பேசவில்லை, பின்னால் வந்து நின்றுகொண்டாள். அவளைப் பார்த்து இன்னும் பலர் வந்தார்கள். பால்குடி மறந்த பிள்ளையெல்லாம் மனுதாரர் ஆனது. தண்ணீரம்மாள் யாரிடமும் சொல்லாமல் டம்ளரைப் பெரிதாக மாற்றினார். மனுக்கள் ஐந்து மடங்கு கூடியதைப் பார்த்துத் தலைவர் மனம் பூரித்தார். மக்கள் தொடர்பில் சிறந்த வாரியம் என்று கேடயம் வந்தது. கேடயம் வாங்கியபோது, "மக்கள் எங்களை நாடி வருகிறார்கள் என்றால், எங்களிடம் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?" என்று கேட்டார்.

ரிக்காரர் மட்டும் டிரம் மண்ணை நினைத்துக் கவலைப்பட்டார். மூன்று மாடியும் குடித்து, கைகழுவி, தலைவரின் பூந்தொட்டிக்கும் அதையே ஊற்றினால் மண் எத்தனை நாள் தாங்கும்? மச்சினன் கணக்குப் போட்டுச் சொன்னான்: மாதக் கடைசி. அதன்பின் அது வெறும் சேறு. மண்ணை மாற்றவேண்டும் என்று மகள் பெயரிலேயே மனு எழுதினார். கிடங்கில் பூட்டியிருக்கும் புது மண்ணைப் போட்டாலே போதும் என்றும் எழுதினார். பதில் வந்தது.

'தண்ணீரில் ஈயம் இல்லை என உறுதிசெய்யப்பட்டுள்ளதால், ஈயத்தைப் பிடித்து மண் தீர்ந்துபோக வாய்ப்பில்லை. மேலும், அப்படிப்பட்ட டிரம் எதுவும் இவ்வலுவலகத்தில் உபயோகத்தில் இல்லை.'

பதிலை வைத்துக்கொண்டு ரிக்காரர் உதவியாளரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். "தலைவரும் அதைத்தானே குடிக்கிறாருங்க. அவருக்காகவாவது மாத்துங்க."

உதவியாளர் முகம் மாறியது. படியேறித் தலைவர் அறைக்குப் போனார்.

மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது தலைவர் காரிலிருந்து இறங்கினார். தோளில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் தொங்கியது. பின்னால் வந்த உதவியாளர் கையிலும் ஒன்று. மறுநாள் எழுத்தர் மேசையிலும் ஒன்று இருந்தது. டிரம்கள் அப்படியேதான் நின்றன. ரிக்காரர் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். மச்சினன் போட்ட கணக்கு சரியா தப்பா என்று இனிமேல் கேட்கவேண்டிய அவசியம் இல்லை.

வரிசை வாசல்வரை நின்றது. அன்றைக்கு எதைப் பற்றி மனு எழுதுவது என்று அவருக்குத் தோன்றவில்லை. மகளுக்குப் பொறுமை இல்லை. தாளைப் பிடுங்கி, பெஞ்சில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு அவளே எழுதினாள். நிறைய நேரம் எடுத்தது. கீழே பெயரை எழுதும்போது கடைசி எழுத்துக்கு வந்து நின்று, அப்பாவைப் பார்த்தாள். அவர் சொல்லிக் கொடுத்தார்.

எழுத்தர் வாங்கிப் படித்தார்.

'ஐயா, நீங்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் தண்ணீரில் எனக்கு ஒரு டம்ளர் வேண்டும்.'

எழுத்தர் மேசைமேலிருந்த தன் பாட்டிலை எடுத்துக் கீழே, காலடியில் வைத்தார். பிறகு மனுவில் முத்திரை குத்தி, எண் போட்டு, ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். சாசனப்படி உள்ளேயிருந்து ஒரு டம்ளர் தண்ணீரும் வந்தது. தண்ணீரம்மாள் அதை நீட்டும்போது ரிக்காரரின் முகத்தைப் பார்க்கவில்லை.

மகள் இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக்கொண்டு, குடிக்கலாமா என்று அப்பாவைக் கேட்டாள்.